ஒற்றைப்படையில் ஒரு வட்டம்

நான் பின்னிய முதல் வட்டக் கால்மிதியை யாரும் மிதித்ததில்லை. எட்டாவது சுற்று முடியும்போது அதன் ஓரம் லேசாக மேலே எழும்பியது. இன்னும் நாலு சுற்று போட்டால் தானாகப் படிந்துவிடும் என்று நினைத்துப் போட்டேன். படியவில்லை, ஆழம்தான் கூடியது. மகன் அதை எடுத்துத் தலையில் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "தொப்பி கொள்ளாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான். இப்போது அது பின்வாசல் திண்ணையில் கிடக்கிறது. பூனை அதில்தான் தூங்குகிறது. பூனைக்கு ஒரு குறையும் இல்லை.

எனக்குத்தான் வெட்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் ஒரு சின்ன ஊரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். வட்டத்தின் சுற்றளவு என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பதினைந்து வருஷமாக அதைப் போர்டில் எழுதிக்கொண்டிருக்கிறவள் தரையில் படுக்கிற மாதிரி ஒரு வட்டம் செய்ய முடியாமல் தொப்பி செய்து வைத்திருக்கிறேன்.

அடுத்த வீட்டு மாமி அதைக் கையில் எடுத்து ஒரு தடவை திருப்பிப் பார்த்தார்.

"இதை மடியில வச்சுத் தச்சியா மக்கா?"

"ஆமா மாமி. எப்படித் தெரியும்?"

"மடியில வச்சா மடி மாதிரித்தான் வரும். தரையில போட்டுத் தை."

மாமிக்கு எழுபது தாண்டிவிட்டது. கையெழுத்து போடுவார், பஸ் போர்டு படிப்பார், அவ்வளவுதான் படிப்பு. ஆனால் வட்டம் என்றால் என்ன என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவர்தான் என்று என் மாணவர்களிடமே ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் இதுதான். பழைய சேலையைக் கிழித்து நாடாவாக்கி, மூன்று நாடாவைச் சடை மாதிரிப் பின்னி, அந்தச் சடையை நடுவிலிருந்து சுருட்டிக்கொண்டே போய்ப் பக்கத்துச் சுற்றோடு சேர்த்துத் தைத்தால் வட்டக் கால்மிதி. கேட்கச் சுலபம். ஆனால் ஒவ்வொரு சுற்றும் உள்ளே இருக்கிற சுற்றைவிட நீளமாக இருக்க வேண்டும். எவ்வளவு நீளமாக என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குறைவாக விட்டால் ஓரம் இழுத்துப் பிடித்துக் கிண்ணமாகும். அதிகமாக விட்டால் ஓரம் இடம் போதாமல் நெளிந்து பப்படம் மாதிரி அலை அலையாக நிற்கும்.

மாமியிடம் இதற்கு ஓர் அளவு இருந்தது. "பின்னல் ஒரு விரல் அகலம் இருந்தா, சுத்துக்கு அரைச் சாண் கூட்டு. ரெண்டு விரல்னா ஒரு சாண்."

அன்று ராத்திரி நான் ஸ்கேலை எடுத்து வைத்து அளந்து பார்த்தேன். என் பின்னலின் அகலம் 1.75 சென்டிமீட்டர். ஆரம் அவ்வளவு கூடினால் சுற்றளவு அதைப்போல் 6.28 மடங்கு கூடும். பெருக்கினால் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர். என் அரைச் சாணும் 11 சென்டிமீட்டர்தான். நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. கூட்ட வேண்டிய அந்த அரைச் சாண், கால்மிதி எவ்வளவு பெரிதானாலும் மாறாது. இரண்டாவது சுற்றுக்கும் அரைச் சாண்தான், முப்பதாவது சுற்றுக்கும் அரைச் சாண்தான். வகுப்பில் இதைக் கேட்டால் பிள்ளைகள் எல்லாம் ஒரே குரலில் "பெருசாக ஆகக் கூடும் மிஸ்" என்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன் என்பதை அவர்களிடம் சொல்லவில்லை. கால்மிதி பெரிதாகப் பெரிதாக, அந்த அரைச் சாணை நீளமான சுற்று முழுக்கப் பரப்பிவிட வேண்டும், அதுதான் வித்தியாசம். நடுவில் ஒவ்வொரு தையலுக்கும் தளர்த்திக் கொடுக்கிற கை, ஓரத்துக்கு வரும்போது பத்துத் தையலுக்கு ஒரு தடவை தளர்த்தினால் போதும்.

நாகர்கோவிலில் 1820களில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரிப் பெண்மணி லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்து, அது இந்தப் பக்கத்துப் பெண்கள் பலருக்குக் கைத்தொழில் ஆயிற்று. இன்றைக்கும் எங்கள் பக்கத்துச் சர்ச் அக்காமார் கொக்கி ஊசியும் நூலுமாக உட்கார்ந்தால் மேசை விரிப்பு வட்டமாக வளரும். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சாதாரணப் பின்னலுக்கு நடுவில் ஆறு கண், அடுத்த சுற்றில் பன்னிரண்டு, அதற்கடுத்து பதினெட்டு என்பார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறு கண் கூட்ட வேண்டும். ஏன் ஆறு என்று கேட்டால் "அப்படித்தான்" என்பார்கள். அந்த 6.28 தான். புள்ளிக்குப் பின்னால் இருக்கிறதை நூலின் நெகிழ்வு விழுங்கிவிடுகிறது.

சரி, இந்த வட்டம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எனக்குள் கொஞ்ச நாளாக ஓடிக்கொண்டிருந்தது. பேர் பெற்ற விரிப்புகளை எல்லாம் நினைத்துப் பாருங்கள். பத்தமடைப் பாய் நீளச் சதுரம். பவானி ஜமுக்காளம் நீளச் சதுரம். வேட்டி, சேலை, துவர்த்து என்கிற துண்டு, சாரம் என்கிற கைலி எல்லாமே அப்படித்தான். தறி என்று ஒன்று வந்துவிட்டால் பாவு நேராக ஓட வேண்டும், ஊடை குறுக்கே போக வேண்டும், நாலு மூலையும் வந்துவிடும். தறியில் வட்டம் வராது.

எங்கள் மாவட்டத்திலும் வடசேரி, இரணியல் பக்கம் தறிகள் உண்டு. ஆனால் தறி வைக்க ஓர் அறை வேண்டும், நூல் வாங்கக் காசு வேண்டும், கூட வேலை செய்ய ஆள் வேண்டும். அது இல்லாத வீட்டுப் பெண்கள் கையில் கிடைத்ததை வைத்து என்ன செய்தார்கள் என்று பார்த்தால் எல்லாம் வட்டமாக இருக்கிறது. பானை உருளாமல் இருக்க வைக்கோலைத் திரித்துச் சுற்றிக் கட்டிய புரிமணை வட்டம். கடற்கரையிலிருந்து தலையில் மீன் சுமந்து வருகிற அக்கா, துவர்த்தைச் சுருட்டித் தலையில் வைக்கிற சும்மாடு வட்டம். ஓலைப்பெட்டியின் அடி சதுரமாகத் தொடங்கினாலும் வாய்க்கு வரும்போது வட்டமாகிவிடும். நடுவில் ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் போவதற்கு இரண்டு கை போதும். அடுப்பு எரிகிற நேரத்தில் எடுக்கலாம், பிள்ளை அழுதால் கீழே போட்டுவிட்டுப் போகலாம், திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடரலாம்.

இதைச் சொல்லும்போது ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். பழந்துணிக் கால்மிதியைப் "பாரம்பரியக் கைவினை" என்று சொல்லி விற்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சில் கொஞ்சம் சந்தேகம். என் அம்மாச்சி காலத்தில் காலால் மிதிப்பதற்குக் கொடுக்கச் சேலை ஏது? உடுத்த சேலை நைந்தால் பாதி வெட்டித் துவர்த்து, அது நைந்தால் பிள்ளைத் துணி, அதுவும் போனால் அடுப்புக் கரித்துணி, கடைசியில் விளக்குத் திரி. வாசலில் கிடந்தது சாக்கு. பீரோ நிறைய பழைய சேலை சேர ஆரம்பித்த பிறகுதான் சேலைக் கால்மிதி வந்திருக்க வேண்டும். துணி புதுசு. சுற்றுகிற கைதான் பழையது.

மாமியின் கை அப்படிப்பட்டது. அவர் பிறந்தது கடலோரம், ஏ.வி.எம். கால்வாய் ஓடுகிற பக்கம். கல்யாணம் ஆகிறவரைக்கும் கயிறு வேலை. கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, தண்ணீரில் அமுக்கி ஆறு மாசம், அதற்கு மேலும்கூட ஊறப் போடுவார்கள். ஊறி அழுகினால்தான் சோறு மாதிரி இருக்கிற சதை கழன்று தும்பு என்கிற நார் தனியே வரும். அதை எடுத்துக் கட்டையால் அடித்து, கழுவி, காயவைத்து, அப்புறம் ராட்டு. ஒருத்தி ராட்டைச் சுற்ற, இரண்டு பேர் இடுப்பில் தும்பைக் கட்டிக்கொண்டு விரலால் விட்டுக்கொடுத்தபடியே பின்னால் நடந்து போவார்கள். நடக்க நடக்கப் பிரி நீளும். அந்தப் பிரி இரண்டையும் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கினால் கயிறு. இரண்டு முறுக்கும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்வதால் அவிழாது.

"நான் முன்னால நடந்ததைவிட பின்னால நடந்ததுதான் கூடுதல் மக்கா" என்று ஒருநாள் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கதம்பை அழுகின தண்ணீரின் நாற்றத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் சிரிக்க மாட்டார். சோப்பு போட்டுக் குளித்தாலும் போகாதாம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போவார்களாம்.

மிஞ்சின கயிற்றைச் சுருட்டித் தைத்து வீட்டு வாசலுக்கு ஒரு வட்டம் செய்து போடுவது அங்கே வழக்கம். தென்னந்தும்பில் மரத்தன்மை அதிகம், உப்புத் தண்ணீரும் மணலும் அதை லேசில் தின்னாது. கடலிலிருந்து ஈரக் காலோடு வருகிற வீட்டில் அது வருஷக்கணக்கில் கிடக்கும். அந்த வட்டத்தில் பழகிய அரைச் சாண்தான் இப்போது என் சேலைப் பின்னலுக்கும் வந்திருக்கிறது.

துணியைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன், யாராவது செய்து பார்க்க நினைக்கலாம். பருத்திச் சேலையைக் கத்தரியால் வெட்ட வேண்டாம். முந்தியில் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு கீறல் போட்டு இழுத்தால் கடைசிவரை நேராகக் கிழியும். அந்தச் சத்தம் ஒரு சுகம். ஐந்தரை மீட்டர் நாடா ஒவ்வொன்றும் ஒட்டில்லாமல் கிடைக்கும். ஒரு நாடா முடிந்து அடுத்ததைச் சேர்க்கும்போது முடிச்சுப் போட்டால் காலில் உறுத்தும். இரண்டு முனையிலும் பொத்தான் துளை மாதிரி ஒரு கீறல் போட்டு, ஒன்றுக்குள் ஒன்றை நுழைத்து இழுத்துவிட்டால் போதும். மூன்று நாடாவிலும் ஒட்டு ஒரே இடத்தில் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அந்த இடம் மட்டும் புடைத்துக்கொண்டு நிற்கும். தைப்பதற்குக் கோணி ஊசி. நூலுக்கு நான் முதலில் சாதாரணத் தையல் நூலை நாலாக மடித்துப் போட்டேன், ஒரே மழைக்காலத்தில் இற்றுப்போனது. இப்போது குளச்சலில் வலை வேலைக்கு விற்கிற நைலான் நூல்தான். துணி போனாலும் நூல் போகாது.

பாலியஸ்டர் சேலை வேண்டவே வேண்டாம். கலர் மங்காது, சீக்கிரம் காயும், எல்லாம் உண்மை. ஆனால் டைல்ஸ் தரையில் வழுக்கிக்கொண்டு போகும். என் மாமியார் ஒருதரம் விழப் பார்த்தார், அதோடு அந்தப் பேச்சு வீட்டில் முடிந்தது. பருத்தியின் பிரச்சனை வேறு. இங்கே இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவத்திலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. மற்ற மாவட்டக்காரர்கள் பலர் ஒரு மழைக்குக் காத்திருப்பார்கள், நமக்கு இரண்டும் உண்டு. பருத்திக் கால்மிதி ஈரம் உறிஞ்சினால் மூன்று நாள் காயாது, மக்கின வாடை வரும். அதனால் எங்கள் வீட்டில் ஒரு வாசலுக்கு மூன்று கால்மிதி. ஒன்று கிடக்கும், ஒன்று காயும், ஒன்று காய்ந்துவிட்டதாக நாங்கள் நம்பிக்கொண்டிருப்போம்.

இனி சைக்கிள் கதை.

சடையைச் சுருட்டித் தைப்பதை நெய்வது என்று சொல்ல முடியாது என்று எனக்கு ஓர் உறுத்தல். துணியைத்தான் நெய்கிறோம், ஓலையை முடைகிறோம், சடையைப் பின்னுகிறோம். வட்டமாக உண்மையிலேயே நெய்ய முடியுமா என்று யோசித்தபோது வீட்டுப் பின்னால் கிடந்த அப்பாவின் பழைய கறுப்பு சைக்கிள் கண்ணில் பட்டது. 28 அங்குலச் சக்கரம் என்பது டயரோடு சேர்த்து. ரிம் மட்டும் 25 அங்குலம் வரும், ஏறத்தாழ இரண்டு அடி. கால்மிதிக்குச் சரியான அளவு. முன்சக்கரத்தைக் கழற்றி, கம்பியை எல்லாம் பிடுங்கிவிட்டு, கம்பி இருந்த ஓட்டைகள் வழியாக எதிர் எதிரே நைலான் கயிற்றைக் கட்டினேன். அந்தக் கால சைக்கிளில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40. ஆக எனக்கு 32 ஆரம் கிடைத்தது. இதுதான் என் பாவு. நடுவிலிருந்து துணி நாடாவை ஒரு கயிற்றுக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே என்று விட்டுக்கொண்டு சுற்ற ஆரம்பித்தேன்.

ஐந்து சுற்று போனதும் ஏதோ சரியில்லை. மேலே வந்த கயிற்றின் மேலேயே நாடா திரும்பத் திரும்ப வந்தது. கீழே போன இடத்தில் கீழேயே போனது. பதினாறு கயிறு முழுக்க மூடியிருக்கிறது, பதினாறு கயிறு அம்மணமாக நிற்கிறது. விரலால் தள்ளினால் சுற்றெல்லாம் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. நெசவே விழவில்லை.

மாமியைக் கூப்பிட்டேன். அவர் கயிறுகளை எண்ணக்கூட இல்லை.

"ரெட்டையா கெட்டியிருக்கே. ஒத்தையா வரணும் கேட்டியா. ஒண்ணு கூட்டு, இல்லேன்னா ஒண்ணு குறை."

போர்டில் எழுதினால் ஒரு வரிதான். இரட்டைப்படை எண்ணிக்கையில் ஒரு சுற்று முடியும்போது முதல் கயிற்றுக்கு மறுபடி 'மேல்' என்றே வரும். ஒற்றைப்படையில் முடிந்தால் முதல் கயிற்றுக்கு இந்தத் தடவை 'கீழ்' வரும். ஒரு சுற்றில் மூடினது அடுத்த சுற்றில் திறக்கும், அப்போதுதான் பூட்டு விழும். கூடை முடைகிறவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். தறிக்காரருக்கு இந்தக் கவலையே இல்லை. ஓரத்துக்குப் போய் ஊடை திரும்பி வருவதால் அது தானாக மாறிக்கொள்ளும். வட்டத்துக்கு ஓரம் கிடையாது. திரும்புவதற்கு இடமில்லாதவனுக்கு எண்ணிக்கையில்தான் ஒரு கோணல் வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றையும் பிரித்துவிட்டு, நடு முடிச்சிலிருந்து ரிம்முக்கு ஒரே ஒரு கயிறு தனியாகக் கட்டினேன். முப்பத்து மூன்றாவது கயிறு. அதற்கு ஓட்டை கிடையாது, ரிம்மைச் சுற்றித்தான் கட்ட வேண்டும். பார்க்கக் கொஞ்சம் அசிங்கமாக இருக்கும். அது இல்லாமல் எதுவும் நிற்காது.

நடுவில் முப்பத்து மூன்று கயிறும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், நாடா நுழையாது. அதற்கும் ஒரு வழி உண்டு. முதல் ஏழெட்டுச் சுற்றுக்கு இரண்டிரண்டு கயிற்றை ஒன்றாக வைத்துக்கொள்வது. பதினாறு ஜோடியும் ஒரு தனிக் கயிறும், மொத்தம் பதினேழு. அதுவும் ஒற்றைப்படை! இடைவெளி அகலமானதும் ஜோடியைப் பிரித்து முப்பத்து மூன்றுக்குப் போய்விடலாம். மாமியிடம் இந்தச் சந்தோஷத்தைச் சொன்னபோது, "சரி, நாடாவை இம்புட்டு இறுக்காதே" என்றார்.

கேட்கவில்லை. இறுக்கித்தான் நெய்தேன். ரிம்மில் இருக்கிறவரைக்கும் அருமையான தட்டை. கட்டை அவிழ்த்து ரிம்மிலிருந்து எடுத்ததும் ஓரம் நாலு பக்கமும் தலை தூக்கியது. பூனைக்கு இரண்டாவது படுக்கை.

மூன்றாவதிலிருந்து ஒழுங்காக வந்தது. ஒரு கட்டத்தில் நிறையச் சேர்ந்துபோனதால், சடை பின்னித் தைத்த பத்துக் கால்மிதியைப் பையில் போட்டுக்கொண்டு நாகர்கோவிலில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனுஷன்தான். ஒன்றைத் தரையில் போட்டுப் பார்த்தார், காலால் மிதித்துப் பார்த்தார், "நல்ல வேலை அக்கா" என்றார். எழுபது ரூபாய் தருகிறேன் என்றார். பக்கத்தில் மிஷினில் வந்த கால்மிதி அறுபது ரூபாய்க்கு அடுக்கி வைத்திருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது கணக்குப் போட்டேன், அது ஒன்றுதானே நமக்குத் தெரியும். இரண்டு அடி விட்டத்துக்கு ஏறத்தாழ பதினாறரை மீட்டர் பின்னல் வேண்டும். ஒன்றரை சென்டிமீட்டருக்கு ஒரு தையல் என்றால் ஆயிரத்து நூறு தையல். கிழிக்க, பின்ன, தைக்க எனக்கு இரண்டு முழு நாள். சேலைக்கு விலையே போடாவிட்டாலும், நாள் ஒன்றுக்கு முப்பத்தைந்து ரூபாய். வீட்டில் யாரிடமும் இந்தக் கணக்கைச் சொல்லவில்லை.

அதனால் யாரையும் இதைத் தொழிலாகச் செய்யுங்கள் என்று நான் கூப்பிட மாட்டேன். கயிறு வேலை போய்விட்டதே என்று வருத்தப்படுகிறவர்களை மாமி பார்க்கிற பார்வையையும் பார்த்திருக்கிறேன். அவர் பெண்கள் இரண்டு பேரையும் நர்ஸிங் படிக்க வைத்தார். ஒருத்திக்குக்கூட ராட்டைத் தொடச் சொல்லிக் கொடுக்கவில்லை. "எதுக்கு?" என்று ஒரே வார்த்தை. எனக்குச் சொல்லிக்கொடுப்பதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை, ஏனென்றால் எனக்கு இது விளையாட்டு என்பது அவருக்குத் தெரியும்.

அந்தப் பத்தில் எட்டைக் கொடுத்துத் தீர்த்தேன். ஒன்று டியூஷனுக்குப் போய்விட்டது. வட்டத்தின் பரப்பு நடத்துகிற அன்று அதை எடுத்து நடுவிலிருந்து ஓரம்வரை ஒரே வெட்டு வெட்டினேன். பிள்ளைகள் "ஐயோ மிஸ்!" என்று கத்தினார்கள். தையலை அறுத்து ஒவ்வொரு சுற்றையும் நேராக நீட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினோம். அடியில் நீளமான வெளிச்சுற்று, அதற்கு மேல் அரைச் சாண் குறைந்தது, அதற்கு மேல் இன்னும் அரைச் சாண் குறைந்தது, உச்சியில் நடுத்துண்டு. தரையில் ஒரு முக்கோணம் கிடந்தது. அடிப்பக்கம் சுற்றளவு, உயரம் ஆரம். முக்கோணத்தின் பரப்பு எல்லோருக்கும் தெரியும், பாதி அடி பெருக்கல் உயரம். கடைசி பெஞ்சில் எப்போதும் தூங்குகிற பையன் எழுந்து வந்து குனிந்து பார்த்தான். அந்த வருஷம் பரப்புச் சூத்திரத்தை நான் யாரையும் மனப்பாடம் பண்ணச் சொல்லவில்லை. இரண்டு நாள் வேலையும் ஒரு நல்ல சுங்கடிச் சேலையும் போனது. எழுபது ரூபாயைவிட இது பரவாயில்லை.

பத்தாவது மாமி வீட்டு வாசலில் கிடக்கிறது.

இப்போது ஒரு பெரியது போய்க்கொண்டிருக்கிறது. தங்கையின் புது வீட்டுக்கு, கூடத்தில் போட. நடுவில் அப்பாவின் நீலச் சாரம், அதைச் சுற்றி இரண்டு கோட்டா சேலை, ஓரத்துக்குக் கறுப்பு வேண்டுமென்று தேடிக்கொண்டிருக்கிறேன். முந்தாநாள் இருபத்து இரண்டாவது சுற்று முடிந்தது. தரையில் போட்டு நின்று பார்த்தால் தெரியவில்லை. உட்கார்ந்து, கன்னத்தைத் தரையோடு ஒட்டிவைத்துப் பார்த்தால் கிழக்குப் பக்க ஓரம் ஒரு நூல் எழும்பியிருந்தது. ராத்திரி அதன்மேல் அரிசி மூட்டையைத் தூக்கி வைத்தேன். காலையில் மூட்டையை எடுத்ததும் மறுபடி எழும்பியது.

மாமி வந்து பெருவிரலால் ஓரத்தை அழுத்திப் பார்த்தார். கண் இப்போது அவருக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை, அதனால் விரல்தான்.

"தப்பு இங்க இல்ல மக்கா. மூணு சுத்துக்கு உள்ள இருக்கு. அங்க இறுக்கிட்டே."

"அதுக்கு மேல தளர்த்திச் சரி பண்ண முடியாதா மாமி?"

"பண்ணலாம். அப்ப அந்த இடம் நெளியும்."

பத்தொன்பதாவது சுற்றுவரை தையலை அறுத்துப் பிரித்து வைத்திருக்கிறேன். மழை விட்டால் திண்ணையில் போட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். பிரித்த பின்னலின் மேல் பூனை உட்கார்ந்திருக்கிறது.